நாலாவது பெட்டியின் ஞானத்தாய்

இது நடந்தது. கேட்ட கதையில்லை, கண்ட கனவுமில்லை. யசிந்தாவுக்கு நடந்தது. நாளும் நேரமும் அவளுடைய கொப்பியில் இருக்கிறது. அவள் பேய்க்கும் பிசாசுக்கும் பயப்படுகிற ஆளில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்துப் பட்டம் எடுத்தவள். குடும்பத்தில் மட்டுமில்லை, அவர்களுடைய ஒழுங்கையிலேயே முதல் பட்டதாரி. கண்ணால் காணாத ஒன்றை நம்பமாட்டாள். இந்தக் கதையிலும் அவள் கண்ணால் எதையும் காணவில்லை. கண்டவர்கள் எல்லாம் மற்ற ஆக்கள்தான். அதுதான் விஷயமே. நம்ப விருப்பமில்லாதவர்கள் இந்த இடத்திலேயே தாளைப் புரட்டிக்கொண்டு போகலாம். கோயிலின் பெயரையும் ராசாவின் பெயரையும் மட்டும் கேட்க வேண்டாம், சொல்வதற்கில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்து. டென்மார்க்கில் ஸ்கீவ என்கிற சின்ன நகரம். யசிந்தாவும் மன்னாரைச் சேர்ந்த விமலராணியும் இரண்டாம் மாடியில் ஓர் அறையில் இருந்தார்கள். அகதியாய் வந்து பத்து மாதம். காலையில் இரண்டு பேருக்கும் டெனிஷ் வகுப்பு. பின்னேரம் விமலராணிக்கு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற வேலை. யசிந்தாவுக்கு என்ன வேலை என்பதை கொமூன், அதாவது நகரசபைக் கந்தோர், தீர்மானித்தது. அங்கே இருந்த லிஸ்பெத் என்கிற அதிகாரி நல்ல சிரிப்போடு சொன்னாள்: "நீங்கள் சரித்திரம் படித்தவர். அதனால் உங்களுக்கு ஒரு பழைய கோயில் தேடி வைத்திருக்கிறேன்."

பழைய கிறிஸ்தவக் கோயில்தான். ஆனால் வேலை தரை துடைக்கிறது. படித்த சரித்திரத்தை வாளியும் துணியும் கொண்டு துடைக்கச் சொல்லி அனுப்பிவிட்டாள். யசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு ஓம்பட்டாள். காரணம் இருந்தது. ஆறு மாதம் ஒழுங்காய் வேலை செய்தால் கோயிலில் இருந்து ஒரு நற்சான்றுக் கடதாசி கிடைக்கும். அந்தக் கடதாசியோடு லிஸ்பெத் ஒப்பம் வைத்தால் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு அனுப்புவார்கள். கடதாசி இல்லையென்றால் இக்காஸ்ட் துணி ஆலையில் தையல் மெஷினுக்குப் பின்னால் குந்த வேண்டியதுதான். அவளுக்கு வாழ்க்கையில் அப்போது வேண்டியிருந்தது அந்த ஒரு கடதாசி. வேறொன்றுமில்லை.

கோயில், ஸ்கீவவில் இருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். பக்கத்தில் ஒரு காலத்தில் அரண்மனை இருந்ததாம். இப்போது வெறும் புல். கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் தோர்கில். அறுபது வயதுக்கு மேல். ஒரு நாளைக்கு மூன்று சொல்லுக்கு மேல் பேசினால் வாய் நோகும் என்று நினைக்கிற மனிதர். செவ்வாயும் வெள்ளியும் இரண்டு மணியில் இருந்து ஐந்து மணி வரைக்கும் யசிந்தாவின் நேரம்.

கோயிலின் வடக்குப் பக்கத்தில் இரும்புக் கதவு போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே கல்மேடை. மேடையில் நாலு சவப்பெட்டி. எல்லாவற்றிலும் நீளமானதை நிமிர்த்தி வைத்தாலும் அவளுடைய இடுப்பளவுகூட வராது.

ராசாவின் பிள்ளைகள். முந்நூறு வருஷத்துக்கு முன்னம் தலைநகரில் கொள்ளை நோய் வர, ராசாவும் ராணியும் பரிவாரமும் இங்கே ஓடிவந்து வருஷக்கணக்காய் இருந்தார்களாம். ஜெர்மனியில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ராணி இங்கேயே பெற்றாள், இங்கேயே பறிகொடுத்தாள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் அரண்மனை என்றாலும் பிள்ளை தப்புகிறது அருமை. பத்துப் பெற்றால் நாலு மிஞ்சும். இது யசிந்தாவுக்குத் தெரியும். சோதனைக்குப் படித்ததில் சண்டையும் சம்பந்தமும் உடன்படிக்கையும் இருந்தன. செத்த பிள்ளைகளுக்கு ஒரு வரிகூட இருக்கவில்லை.

முதல் பெட்டியின் தகட்டில் ஒரு பெயர், ஏழு மாதம். இரண்டாவதில் ஒரு பெயர், நாற்பது நாள். மூன்றாவது பெண்பிள்ளை, ஒரு வயதுக்கு இரண்டு நாள் குறைவு. நாலாவதில் பெயர் இல்லை. "மகன். ஒன்பது மணித்தியாலம்." அவ்வளவுதான்.

"ஏன் பெயர் இல்லை?" என்று தோர்கிலிடம் கேட்டாள்.

"பனி. போதகர் வந்து சேரவில்லை."

"அப்ப ஞானஸ்நானம்?"

"இல்லை."

அவ்வளவுதான் அவர் சொன்னது. யசிந்தாவின் அம்மாவுக்கும் ஒரு பிள்ளை அப்படிப் போனது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளை என்று சேமக்காலை மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். மணிகூட அடிக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை என்றபடியால்தான் அந்த அநியாயம் என்று இருபது வருஷமாய் நினைத்துக்கொண்டிருந்தாள். இங்கே ராசா வீட்டுப் பிள்ளைக்கும் அதே கதி. அவளுக்கு வந்தது பாவமில்லை. கோபம்.

நவம்பர் எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலு ஐந்து. தோர்கில் வெளியே இலை கூட்டிக்கொண்டிருந்தார். யசிந்தா தன்னுடைய குடிக்கிற போத்தலைத் திறந்து நாலாவது பெட்டியின் மேல் மூன்று முறை தண்ணீர் ஊற்றினாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்று சொன்னாள். அம்மா அந்தப் பிள்ளைக்கு வைக்க இருந்த பெயரையே வைத்தாள். சவிரிமுத்து.

ஆபத்து நேரத்தில் குருவானவர் இல்லாவிட்டால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்தது அது. கொடுத்தவளே கூட நின்று பெயரும் வைத்தால் அவள்தான் ஞானத்தாய், பிள்ளைக்கு அவளும் பொறுப்பு. கொடுத்த ஞானஸ்நானத்தை அழிக்க ஏலாது. செத்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. இதுகளும் அதே வகுப்பில் சொல்லித் தந்ததுதான்.

கதவைப் பூட்டிக்கொண்டு வரும்போது இடது கை கொஞ்சம் பாரமாய் இருந்தது. வாளி தூக்கினதால் என்று நினைத்தாள். வாளியை அவள் தூக்குவது வலது கையால்.

செவ்வாய், நவம்பர் பன்னிரண்டு. ஐந்து பத்து பஸ். முன் ஆசனத்தில் இருந்த ஒரு டெனிஷ் மனுசி எழும்பி யசிந்தாவுக்கு இடம் விட்டாள். பத்து மாதத்தில் இந்த நாட்டில் யாரும் அவளுக்கு எழும்பி இடம் விட்டதில்லை. பக்கத்தில் இருந்த கிழவன் அவளுடைய இடது கைப் பக்கம் எட்டிப் பார்த்துச் சிரித்தான். என்ன கோதாரிக்கு இதுகள் இளிக்குதுகள் என்று கொப்பியில் எழுதினாள்.

அன்றைக்கு இரவு அவளுடைய கம்பளிச் சட்டையை விமலராணி தோய்க்க எடுத்தாள்.

"ஏனடி, இடது தோள்மூட்டெல்லாம் ஈரம்? பால் தேத்தண்ணி ஊத்தினியோ?"

"நான் பிளேன்டீ எல்லோ குடிக்கிறனான்."

"அப்ப ஆர் உன்ர தோளில சத்தி எடுத்தது? புளிச்ச பால் மணக்குது."

வெள்ளிக்கிழமை அறைக் கதவின் கைப்பிடியில் ஒரு பொலித்தீன் பை தொங்கியது. கீழ்மாடிக் கிழவி வைத்தது. உள்ளே கையால் பின்னின ஒரு நீலத் தொப்பி. ஒரு தேங்காய் கொள்ளும், அவ்வளவு சின்னது.

"உனக்கு மூளை இவ்வளவுதான் எண்டு கிழவிக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள் விமலராணி.

யசிந்தா சிரிக்கவில்லை. இது நக்கலா, அல்லது வேறேதும் திட்டமா? அவள் யோசித்தாள். கறுத்த பெண்பிள்ளைகள் இரண்டு பேரை வீட்டால் எழுப்ப நினைக்கிறவர்கள் தொப்பியா பின்னுவார்கள்?

இருபதாம் திகதி டெனிஷ் வகுப்பில் படம் எடுத்தார்கள். படம் கழுவி வந்தபோது எல்லாரும் கையைத் தொங்கவிட்டு நின்றார்கள். யசிந்தா மட்டும் இடது கையை மடித்து நெஞ்சோடு வைத்திருந்தாள். அப்படி நின்ற ஞாபகம் அவளுக்கு இல்லை. இரண்டாவது படத்திலும் அப்படியே. மூன்றாவதிலும்.

"கை நோகுதோ?" என்று கேட்டாள் விமலராணி.

"விறைக்குது."

"டொக்டரிட்ட காட்டன்."

"காட்டினால் வேலை செய்ய ஏலாது எண்டு எழுதிப்போடுவான். பிறகு கடதாசிக்கு எங்க போறது?"

இருபத்திரண்டு, வெள்ளி. தோர்கில் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெடுநேரம். பிறகு சொன்னார்: "சின்னவர்களுக்கு இந்தக் குளிர் கூடாது."

பெட்டிகளைச் சொல்கிறார் என்று நினைத்தாள். அடுத்த செவ்வாய் போனபோது இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மின்சார அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வாங்குப் பலகையில் ஓர் ஆட்டுத்தோல் விரிப்பு, நாலாய் மடித்து. யசிந்தா அடுப்பை நிறுத்திவிட்டு நேரத்தை எழுதினாள். இரண்டு பன்னிரண்டு. நெருப்புப் பிடித்தால் ஆர் தலையில் விழும்? இந்த மனிசன் தன்னை மாட்டப் பார்க்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இருபத்தொன்பது, வெள்ளி. கொமூனில் இருந்து கடிதம் வந்தது. டிசம்பர் மூன்று, செவ்வாய், இரண்டு முப்பதுக்கு வரவும். குழந்தை சம்பந்தமாக. "உங்கள் பதிவில் பிள்ளைகள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு வேறு விதமாக அறிவிக்கப்பட்டுள்ளது."

விமலராணி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். "பிள்ளையா? ஆற்ற பிள்ளை?"

"எனக்கெண்டால் விளங்கேல்லை."

"எடியே, பொய் சொன்னது எண்டு பதிஞ்சால் படிப்பு மட்டுமில்லை, விசாவும் போகும்."

"தெரியும். அந்தத் தோர்கில்தான் எழுதியிருக்கிறான். வேற ஆர்?"

அன்று பின்னேரமே நேரே போய்க் கேட்டாள். "கொமூனுக்கு எழுதினது நீங்கள்தானே?"

தோர்கில் தலையை ஆட்டினார். "இல்லை."

"பொய்."

அவர் கோபிக்கவில்லை. அவளுடைய இடது கையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எழுப்பிவிடாதே" என்றார்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் வேலையை அரைவாசியில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

டிசம்பர் மூன்று. இரண்டு முப்பது. விமலராணியும் சாட்சிக்கு வந்தாள். "சம்பந்தப்பட்டவர்கள் மட்டும்" என்று சொல்லி லிஸ்பெத் அவளை வெளியே இருத்திவிட்டாள். மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு கதிரை. யசிந்தா வலது கதிரையில் இருந்தாள்.

லிஸ்பெத் ஆங்கிலத்தில் கேட்டாள். இடைக்கிடை ஜெர்மன் பாஷையில் ஏதோ சொன்னாள். யசிந்தாவைப் பார்த்து இல்லை, கொஞ்சம் தள்ளிப் பார்த்து. எனக்கு எந்தப் பாஷை தெரியும் என்று சோதிக்கிறாளாக்கும் என்று யசிந்தா நினைத்தாள்.

"யசிந்தா, நேரடியாகக் கேட்கிறேன். இந்தப் பிள்ளை உங்களுடையதா?"

"எந்தப் பிள்ளை?"

லிஸ்பெத் பேனையை வைத்தாள். "நீங்கள் வைத்திருக்கிற பிள்ளை."

யசிந்தா குனிந்து பார்த்தாள். மடித்த கை. கம்பளிச் சட்டை. வேறொன்றுமில்லை.

ஓம் என்று சொன்னால் பொய்க்காரி. இல்லை என்று சொன்னால்...

"என்ர பிள்ளை இல்லை."

அவளுடைய சின்னவிரலை ஏதோ இறுக்கிப் பிடித்தது.

சின்னதாய். சூடாய். நகமிருந்தது.

பிறகு அழுகை. அவளுடைய நெஞ்சுக்குள் இருந்து வந்தது போல, அவ்வளவு கிட்டத்தில். கதவுக்கு வெளியே விமலராணி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்புகிற சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

லிஸ்பெத் ஏதோ சொல்லிக்கொண்டு எழும்பினாள். யசிந்தா நிற்கவில்லை. மூன்று ஐந்து. ஓடினாள்.

மூன்று பதினைந்து பஸ். சாரதி காசு வாங்கவில்லை. "பசி போல" என்றான். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

மூன்று முப்பத்தெட்டு. கோயில். இந்த நாட்டில் டிசம்பரில் அந்த நேரத்துக்கே இருட்டத் தொடங்கிவிடும்; கோயிலுக்குள் கும்மிருட்டு.

தோர்கிலைக் காணவில்லை. விளக்குப் போடுகிற ஆளி எங்கே என்று கை தேடியது... அகப்படவில்லை. தடவித் தடவி வடக்குப் பக்கம் போனாள். திறப்பு பைக்குள் இருந்தது. இரும்புக் கதவு திறந்தது.

அழுகை நின்றது.

அது இன்னும் மோசம்.

நாலாவது பெட்டி எது என்று கையால் எண்ணினாள். ஒன்று. குளிர். இரண்டு. குளிர். மூன்று. குளிர். நாலு...

சூடு.

படுத்தெழும்பின பாயைப் போல.

"நான் செய்தது பிழை," என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. "பிழைதான். ஆனால் அதை அழிக்க ஏலாது. பிள்ளையை மட்டும் கொண்டுவந்திருக்கிறன்."

இடது கையைப் பெட்டியின் மேல் நீட்டினாள்.

சின்னவிரலை விடவில்லை.

பின்னால்... பட்டுத்துணி தரையில் இழுபடுகிற சத்தம். மெதுவாய். வாசல் பக்கமிருந்து. மூச்சு இரைக்கிற சத்தம். ஓடிவந்த ஒருவருடைய மூச்சு.

அவள் திரும்பவில்லை.

சத்தம் கிட்ட வந்தது.

முதுகுக்குப் பின்னால் நின்றது.

ஒவ்வொரு விரலாய் யாரோ பிரித்தார்கள்.

கை இலேசானது.

மூன்று நாற்பத்தொன்பது. வாசலில் தோர்கில் விளக்கோடு நின்றார். யசிந்தா திறப்பை அவருடைய கையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு அந்தக் கோயிலுக்கு அவள் போகவேயில்லை. ஆறு மாதம் நிறையவில்லை. கடதாசி இல்லை. ஓகூஸும் இல்லை.

ஜனவரியில் இக்காஸ்ட். துணி ஆலை. தையல் மெஷின். பட்டதாரி கைவைத்துத் தைத்த காற்சட்டைகளை டென்மார்க் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். இடது கை விறைப்பு விட்டுவிட்டது. சட்டையில் பால் மணக்கவில்லை. பஸ்ஸில் யாரும் இடமும் விடவில்லை. அவளுக்கு அது பெரிய ஆறுதல்.

மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை. லிஸ்பெத் காரில் இக்காஸ்டுக்கு வந்தாள். யசிந்தாவின் சமையலறையில் இருந்துகொண்டு கோப்பி குடித்தாள். பைக்குள் இருந்து ஒரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"தோர்கில் எழுதியது. உங்களைப் போல வேலை செய்த ஒருவரைத் தான் கண்டதில்லை என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். ஆறு மாதம் போதாததற்கு நான் விளக்கம் எழுதிவிட்டேன். ஓகூஸில் இடம் கிடைத்திருக்கிறது. செப்டெம்பரில் தொடங்குகிறீர்கள்."

அந்த மனிசனைப் பொய்க்காரன் என்று முகத்துக்கு நேரே சொன்னவள் யசிந்தா.

"ஆனால் என்னைப் பற்றி முறைப்பாடு எழுதினாரே?"

"தோர்கிலா? இல்லையே." லிஸ்பெத் இரண்டாவது கடதாசியை எடுத்தாள். "யாரும் எழுதவில்லை. நேரே வந்தார். பிள்ளையின் தாய். கறுப்பு உடுப்பு, பழைய மாதிரி. டெனிஷ் நன்றாக வரவில்லை, ஜெர்மன்தான் பேசினார். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி என் மகனை எடுத்துக்கொண்டு போகிறாள் என்று அழுதார். அதனால்தான் உங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டேன்."

"இரண்டு பேரையுமா?"

"ஓம். உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் முப்பத்தைந்து நிமிஷம் இருந்தாரே. உங்களுடைய பிள்ளை இல்லை என்று நீங்கள் சொன்னதும் அவர் இரண்டு கையையும் நீட்டினார். நீங்கள் கொடுக்காமல் எழும்பி ஓடிவிட்டீர்கள். அவரும் உங்களுக்குப் பின்னால் ஓடினார்." லிஸ்பெத் புன்னகைத்தாள். "பயப்பட வேண்டாம். எல்லாம் முடிந்துவிட்டது. போன கிழமை வந்து முறைப்பாட்டை மீளப் பெற்றுக்கொண்டார். இதில் ஒப்பம் வையுங்கள்."

யசிந்தா பேனையை எடுத்தாள். ஒப்பம் வரியை விட்டுக் கீழே போனது.

"பிள்ளை அவரிடம் உறங்குகிறதே இல்லையாம்," என்றாள் லிஸ்பெத், கடதாசியை மடித்துக்கொண்டு. "உங்களுடைய கை பழகிவிட்டதாம். கோபம் ஒன்றும் இல்லை, கேட்டுப் பார்க்கத்தான் என்று உங்கள் விலாசத்தைக் கேட்டார். கொடுத்தேன்."

கோப்பியைக் குடித்து முடித்தாள். மேலங்கியைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் வரவில்லையா?"